இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை: பழைய பாடல்களை ஒலிபரப்பிய முறை பற்றிய உரையாடல்

சிற்றலை எழுதியது:

பழைய பாடல்களை மட்டுமே ஒலிபரப்பும் இணைய வானொலிகள் தமிழில் இன்று பெருகியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரு பாடல் முடிந்த கையோடு அடுத்தது தொடங்கிவிடுகிறது. எந்தப் படம், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்ற விவரம் எதுவும் சொல்லப்படுவதில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை எதைச் செய்தது, ஏன் செய்தது என்பதை ஒருமுறை முறையாகப் பேசிவிட வேண்டும் என்று தோன்றும். அந்த நிலையத்தைப் பற்றிய பேச்சு நம்மிடையே அறிவிப்பாளர்களின் குரல் வளத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறது. குரல் வளத்தை நானும் மறுக்கவில்லை. ஆயினும் பாடலுக்கு முன்னும் பின்னும் அவர்கள் சொன்ன விவரங்களும், பாடல்களை அடுக்கிய வரிசையுமே அந்த நிலையத்தை உருவாக்கின என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வரலாறு. கொழும்பில் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் 1920களில் சோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். 1925 டிசம்பர் 16 அன்று முறையான ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமை, தன் வீரர்களுக்காக ரேடியோ சியாக் என்ற நிலையத்தைக் கொழும்பில் நடத்தியது. அதற்காக எக்கலவில் நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலை (ஷார்ட் வேவ்) ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி, ரேடியோ சிலோன் என்ற பெயரில் தனித் திணைக்களமாயிற்று. 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக சேவை தொடங்கியது; காமன்வெல்த் நாடுகளின் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதை வழிநடத்தினார். 1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாக மாறியது. 1972இல் நாட்டின் பெயர் மாறியபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது.

இந்த வரலாற்றின் மறுபாதி இந்தியாவில் இருக்கிறது. 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்கான நேரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. அதைவிட முக்கியமானது, படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரமாகிவிடும் என்ற காரணத்தால் அதையும் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்ததுதான். பாடியவரின் பெயர் மட்டும் போதும் என்றார்கள். தயாரிப்பாளர்கள் சினமுற்று, பாடல்களை ஒலிபரப்பும் உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்த இடைவெளியில்தான் கொழும்பு நுழைந்தது. இந்தியில் அமீன் சயானியின் வாராந்தர வரிசைப் பாடல் நிகழ்ச்சி 1952 டிசம்பரில் அங்கிருந்துதான் தொடங்கியது, தமிழில் எஸ். பி. மயில்வாகனம் போன்ற முன்னோடி அறிவிப்பாளர்களின் பெயர் வீடுதோறும் அறிந்த பெயராகவே ஆயிற்று. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி தொடங்கப்பட்டதே, கொழும்பிடம் இழந்த நேயர்களை மீட்பதற்காகத்தான்.

ஓரிடத்தில் படத்தின் பெயரைச் சொல்லத் தடை. மற்றோர் இடத்தில் படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் என அனைத்தும் அறிவிக்கப்பட்டன. தமிழ்த் திரைப்பாடலின் வரலாறு எளிய மக்களின் நினைவில் பதிந்தது இந்த வேறுபாட்டினால்தான் என்று நான் நினைக்கிறேன். நண்பர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

நெய்தல் எழுதியது:

சிற்றலை அவர்கள் விட்டுவிட்ட ஒரு செய்தி உண்டு. அறிவிப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது இங்கே காதில் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? கொழும்பிலிருந்து இராமேசுவரம் நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்கும் குறைவு. சென்னையோ ஏறத்தாழ 680 கிலோமீட்டர். இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒலி ஒரே வழியில் வந்து சேரவில்லை.

மத்திய அலை (மீடியம் வேவ்) பகலில் நிலத்தை ஒட்டியே பயணம் செய்கிறது. வறண்ட நிலம் அதை விரைவில் உறிஞ்சிவிடும்; உப்புநீரோ மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால், கடலின் மேல் வரும் அலை தேயாமல் நெடுந்தொலைவு போகிறது. இலங்கைக் கரையை விட்டதும் பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவுமே குறுக்கே இருந்தமையால், இராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் கரையோரங்களில் கொழும்பின் ஒலி உள்ளூர் நிலையம் போலக் கேட்டது. இரவில் நிலைமை வேறு. பகல் நேரத்தில் மத்திய அலையை விழுங்கும் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு, கதிரவன் மறைந்ததும் கலைந்துவிடும். அதன்பின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை உள்நாட்டு ஊர்களையும் எட்டும். அதனால்தான் இரவு நிகழ்ச்சிகளுக்குக் கொங்கு நாட்டிலும் நேயர்கள் இருந்தார்கள். பகலில் அந்த ஊர்களுக்குச் சிற்றலைதான் துணை: 25, 31, 41, 49 மீட்டர் என்று வானொலிப் பெட்டியின் முகப்பில் அச்சிட்டிருக்குமே, அந்தப் பட்டைகள்.

சிற்றலையில் ஒலி அலைபோல ஏறி இறங்கும். ஒரு பாடலின் முதல் சரணம் தெளிவாகக் கேட்டால் இரண்டாம் சரணம் கரகரப்பில் மூழ்கிவிடும். அந்த நிலையில் பாடல் தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் விவரத்தைச் சொல்வது வெறும் அலங்காரம் ஆகாது. முதலில் கேட்கத் தவறியவர் பின்னதைக் கேட்டுக்கொள்வார். சொற்களை நிறுத்தி, மெய்யெழுத்துகளை அழுத்தி உச்சரித்த அந்த மொழி நடைக்கும் இதுவே ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். இரைச்சலில் முதலில் அழிவது மெல்லிய மெய்யொலிகள்தாம்.

பூவரசு எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தமிழகத்து நண்பர்கள் இந்த நிலையத்தைப் பற்றி அன்போடு எழுதுவதைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அது தமிழகத்துக்குப் பாட்டுப் போடுவதற்காக நடத்தப்பட்ட நிலையம் அன்று. முதலில் அது எங்களுடைய வானொலி. கேஸ்கரின் கொள்கை உங்களை அதன்பால் அழைத்து வந்தது. எங்களுக்கோ அது ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் இருந்த குரல்.

பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தபாலட்டையில் பிள்ளையின் பெயர், வயது, ஊர், அதன்பின் வாழ்த்துவோரின் பெயர்கள். அப்பா, அம்மா, அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, பெரியப்பா, பெரியம்மா, மாமா, மாமி, மச்சான்மார், மச்சாள்மார் என்று நீளும் அந்தப் பட்டியலை அறிவிப்பாளர் ஒருவரையும் விடாமல் வாசிப்பார். ஒரு குடும்பம் பருத்தித்துறையிலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலுமாகப் பிரிந்திருந்தால், அந்த வாசிப்பில்தான் எல்லோரும் ஒரு வரியில் சேர்ந்தார்கள். பெயர்களைப் பிழையில்லாமல், உரிய மரியாதையோடு சொல்ல வேண்டும் என்ற பழக்கம் அறிவிப்பாளர்களுக்கு அங்கேதான் ஊறியது என்பது என் எண்ணம். அதே நாவுதான் உடுமலை நாராயணகவி, கா. மு. ஷெரீப், தஞ்சை ராமையாதாஸ் என்று பாடலாசிரியர் பெயர்களையும் சொன்னது. ஊர்ப் பிள்ளையின் பெயருக்குக் கொடுத்த மதிப்பு எதுவோ அதுவே கவிஞரின் பெயருக்கும் கிடைத்தது.

நிகழ்ச்சிகளின் பெயர்களிலேயே ஓர் ஒழுங்கு இருந்தது. காலையில் பொங்கும் பூம்புனல். அதன் அடையாள இசையைக் கேட்டே பள்ளிக்குப் புறப்படும் நேரத்தை அறிந்த வீடுகள் ஏராளம். இரவில் இரவின் மடியில். இசையும் கதையும் நிகழ்ச்சியில் நேயர் எழுதியனுப்பிய சிறுகதையை அறிவிப்பாளர் வாசிக்க, கதையின் திருப்பங்களில் அதற்கேற்ற திரைப்பாடல்கள் வரும். ராஜேஸ்வரி சண்முகம் அவர்களின் வாசிப்பில் கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் நடத்திய பாட்டுக்குப் பாட்டு பின்னாளில் தமிழகத் தொலைக்காட்சியில் பெரும் புகழ் பெற்றது. அது இங்கே வானொலியில் வளர்ந்தது என்பதை இளைய தலைமுறை அறியாதிருக்கலாம். கொடுக்கப்பட்ட எழுத்தில் தொடங்கும் பாடலை உடனே பாட வேண்டும் என்ற அந்தப் போட்டியில் குறில், நெடில் வேறுபாடு கண்டிப்பாகப் பார்க்கப்பட்டது. பல வீடுகளில் பிள்ளைகள் உயிர்மெய் வரிசையை மனத்தில் ஓடவிட்டுப் பழகியதற்கு அது உதவியது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். திரைப்பாடலின் வெள்ளத்தில் எங்கள் சொந்த மெல்லிசைப் பாடல்களுக்குக் கிடைத்த இடம் சிறிது. ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றோரின் பொப் பாடல்கள் அந்த வெள்ளத்தை எதிர்த்து நீந்தி மேலே வந்தன; மற்றவை பல வரவில்லை. பழைய பாடல் என்றவுடன் சென்னையில் ஒலிப்பதிவானது மட்டுமே நினைவுக்கு வருமானால், அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் எங்களை மறந்துவிட்டார் என்றே பொருள்.

இசைத்தட்டு எழுதியது:

பூவரசு அவர்கள் சொன்னது முற்றிலும் நியாயம். நான் கலையகத்தின் உள்ளே நடந்த வேலையைப் பற்றிச் சில வரிகள் சேர்க்கிறேன். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளை, அதாவது 78 சுற்றுத் தட்டுகளைச் சேகரிப்பவன் என்ற முறையில் அந்த வேலையின் கடினம் எனக்குப் புரியும்.

பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடங்களே தாங்கும். சற்று நீண்ட பாடல் என்றால் பாதி ஒரு பக்கத்திலும் மீதி மறுபக்கத்திலும் இருக்கும். அதை இடைவெளியின்றி ஒலிபரப்ப ஒரே தட்டின் இரண்டு படிகள் வேண்டும். இரண்டு சுழல்மேடைகளில் ஒன்றில் முதல் பக்கத்தையும் மற்றொன்றில் இரண்டாம் பக்கத்தையும் ஏற்றி, முதலாவது முடியும் கணத்தில் இரண்டாவதைத் திறந்துவிட வேண்டும். தட்டைத் தயார்நிலையில் நிறுத்துவது தனிக் கைப்பழக்கம். ஊசியை முதல் பள்ளத்தில் வைத்து, முதல் ஒலி கேட்கும்வரை தட்டைக் கையால் மெல்லத் திருப்புவார்கள். ஒலி தொடங்கும் புள்ளி பிடிபட்டதும் அங்கிருந்து அரைச் சுற்றுப் பின்னால் கொண்டுபோய் விரல் நுனியால் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். அடியில் கம்பளித் துணி வழுக்க, மேடை சுழன்றுகொண்டே இருக்கும். அறிவிப்பின் கடைசிச் சொல் விழுந்ததும் விரலை எடுத்தால், அந்த அரைச் சுற்றுக்குள் தட்டு முழு வேகத்தை எட்டி, பாடல் இழுபடாமல் தொடங்கும். அறிவிப்பின் நீளத்தையும் இந்தக் கை அசைவையும் ஒன்றாகப் பொருத்தியபடிதான் ஒரு மணிநேர நிகழ்ச்சி முழுவதும் நடந்தது.

இந்த வேலையில் படம், கவிஞர், இசை, குரல் என்ற விவரம் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். தட்டின் நடுவே ஒட்டிய வட்டச்சீட்டும், படத்தோடு விற்ற பாட்டுப்புத்தகமும் முதல் ஆதாரங்கள். சீட்டில் எல்லா விவரமும் இராது. பாட்டுப்புத்தகத்தில் பல படங்களுக்குக் கவிஞர்களின் பெயர் மொத்தமாக முகப்பில் இருக்குமே தவிர, எந்தப் பாட்டு யாருடையது என்று பிரித்திருக்காது. ஆகவே தட்டு நூலகத்தில் அட்டவணை எழுதியவர்கள் செய்தது ஆராய்ச்சி வேலை. இன்று இணையத்தில் கண்ணதாசன் எழுதாத பாடல்கள் பலவற்றை அவர் கணக்கில் சேர்த்திருப்பதைப் பார்க்கும்போது அந்த அட்டவணைகளின் மதிப்பு விளங்குகிறது.

இன்னொன்று, இன்றைய இணைய வானொலியை நடத்துவோர் கவனிக்க வேண்டியது. பழைய பாடல்களின் பல எண்ம (டிஜிட்டல்) படிகள் தவறான வேகத்தில் இருக்கின்றன. ஒலிநாடாவிலிருந்து எடுக்கும்போது சற்று விரைவாக ஓடியதால், டி. எம். சௌந்தரராஜனின் குரல் அரைச் சுருதி ஏறி, இளைத்துப்போய்க் கேட்கும். 78 சுற்றுத் தட்டுக்குரிய தடித்த ஊசிக்குப் பதிலாக நெடுந்தட்டின் (எல்.பி.) மெல்லிய ஊசியை வைத்து எடுத்த படிகளில், பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியின் இரைச்சலே மேலோங்கும். போதாக்குறைக்கு, பல பாடல்களுக்குத் திரையில் வந்த வடிவமும் தட்டில் வந்த வடிவமும் ஒன்றல்ல. திரையில் ஒரு சரணம் கூடுதலாக இருக்கும், அல்லது இடையிசை மாறியிருக்கும். வானொலி கேட்டு வளர்ந்த நேயர் மனத்தில் இருப்பது தட்டு வடிவம். எதை ஒலிபரப்புகிறோம் என்று தெரிந்து ஒலிபரப்பினால் நல்லது.

மாலைநேரம் எழுதியது:

எல்லாருடைய பதிவுகளையும் மதிப்போடு படித்தேன். ஆயினும் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. நானும் சில நண்பர்களும் 1940 முதல் 1970 வரையிலான பாடல்களுக்கென ஓர் இணைய வானொலி தொடங்கும் முயற்சியில் இருக்கிறோம். இன்றைய நேயரின் கைபேசித் திரையில் பாடலின் விவரம் எழுத்தாகவே ஓடுகிறது. அப்படியிருக்க, ஒவ்வொரு பாடலுக்கும் நால்வர் ஐவர் பெயரை வாயால் சொல்வது எதற்கு? வேலை செய்துகொண்டே பாட்டுக் கேட்பவருக்கு அது இடையூறாகாதா? பண்பலை நிலையங்களில் அறிவிப்பாளர்கள் இடைவிடாமல் பேசுவதைத் தாங்க முடியாமல்தான் பலர் பேச்சில்லாத வானொலியைத் தேடி வருகிறார்கள். மேலும், விவரம் சொல்லும் மரபைக் கொழும்புக்கு மட்டும் உரியதாகக் காட்டுவதும் சரியில்லை. சென்னை விவித் பாரதியின் தேன் கிண்ணத்தைக் கேட்டவர்கள் அங்கும் அது பொறுப்போடு செய்யப்பட்டதை அறிவார்கள்.

சிற்றலை எழுதியது:

மாலைநேரம் அவர்களுக்கு நன்றி. தேன் கிண்ணத்தைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கேஸ்கர் காலத்துக் கட்டுப்பாடு தளர்ந்தபின் விவித் பாரதி நல்ல மரபை வளர்த்தது. ஆனால் அவருடைய முதல் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இழையின் மையமே அதுதான்.

திரையில் ஓடும் எழுத்தைப் பார்ப்பவர், அந்தப் பாடல் யாருடையது என்று அறிய விரும்பி, அதைத் தேடிப் பார்ப்பவர். அவருக்கு எழுத்துப் போதும். வானொலி அறிவிப்போ, அறிய வேண்டும் என்று நினைக்காதவருக்கும் அறிவைத் தந்தது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவரும் தேநீர்க் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரும் கே. வி. மகாதேவனுக்கும் ஜி. ராமநாதனுக்கும் இசையில் என்ன வேறுபாடு என்று விவாதிக்கும் அளவுக்கு வந்தது, யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தியதால் அன்று. ஒரே பெயரை ஒரே வகையான இசையோடு ஆண்டுக்கணக்கில் சேர்த்துக் கேட்டதால் அது தானாகப் பதிந்தது. 1965இல் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்த செய்தி, பத்திரிகை படிக்காத நேயருக்கும் அறிவிப்பின் வழியாகவே புலப்பட்டது; அதுவரை இரட்டையாகச் சொல்லப்பட்ட பெயர்கள் தனித்தனியே சொல்லப்படலாயின.

பேச்சு இடையூறு என்பது பேச்சின் அளவையும் இடத்தையும் பொறுத்தது. நீங்கள் குறிப்பிடும் பண்பலைப் பேச்சில் பெரும்பகுதி பாடலோடு தொடர்பில்லாதது. அதிலும் மோசமானது முன்னிசையின் மேல் பேசுவது. பழைய பாடல்களில் முன்னிசை என்பது இசையமைப்பாளரின் கையெழுத்து. மாண்டலினா, ஷெனாயா, குழலா என்று முதல் சில நொடிகளிலேயே பாடல் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அந்த நொடிகளை மூடிப் பேசுவதும், விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு முன்னிசைக்கு வழிவிடுவதும் வெவ்வேறு செயல்கள். கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களையும் படத்தையும் நிதானமாகச் சொல்லப் பத்து நொடிகளுக்குமேல் ஆகாது.

இனி வரிசையைப் பற்றி. கணினி நிரலிடம் ஒப்படைத்தால் அது இரண்டு விதிகளைப் பின்பற்றும்: ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக் கூடாது, ஒரு பாடல் குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்ப வரக் கூடாது. இவை தேவையான விதிகள்தாம், ஆனால் இவற்றால் மட்டும் நிகழ்ச்சி உருவாகாது. நல்ல அறிவிப்பாளர் ஏ. எம். ராஜா, ஜிக்கியின் இணைப்பாடல் ஒன்றைப் போட்டால், அடுத்து ஏ. எம். ராஜாவே இசையமைத்த பாடலை வைப்பார். பாடகராக மட்டும் அவரை அறிந்த நேயருக்கு அங்கே ஒரு கதவு திறக்கும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் உழைப்புப் பாடலுக்குப் பின் மருதகாசியின் உழவுப் பாடலை வைத்தால், இரு கவிஞர்களின் சொல் வேறுபாடு விளக்கமின்றியே கேட்கும். பி. பி. ஸ்ரீனிவாஸின் மென்குரலை அடுத்து எல். ஆர். ஈஸ்வரியின் துள்ளலைத் திடுமென வைத்தால் இரண்டும் கெடும்; நடுவே பி. சுசீலாவின் தனிப்பாடல் ஒன்று இருந்தால் ஏற்றம் இயல்பாக அமையும். காலையில் பக்தியும் விறுவிறுப்பும், நண்பகலில் இணைப்பாடல்கள், பின்னிரவில் தனிக்குரலும் மெல்லிய தாளமும் என நாளின் போக்கையும் பார்க்க வேண்டும்.

நேயர் விருப்பத்துக்கும் அறிவிப்பாளர் தெரிவுக்கும் உள்ள சமநிலை இவை அனைத்தையும்விட முக்கியமானது. ‘நீங்கள் கேட்டவை’ போன்ற நேயர் விருப்ப நிகழ்ச்சிகள் அஞ்சலட்டைகளால் நடந்தவை. அவை நேயரை நிலையத்தோடு பிணைத்தன. ஆனால் விருப்பம் எப்போதும் ஏற்கெனவே புகழ்பெற்ற பாடலையே நாடும். விருப்பத்தை மட்டும் நம்பி நடக்கும் நிலையம் சில ஆண்டுகளில் அதே சில நூறு பாடல்களுக்குள் சுருங்கிவிடும். இன்றைய பழைய பாடல் ஒலிபரப்புகளுக்கு நேர்ந்திருப்பது இதுவே. ஜி. ராமநாதனின் பாடல்களில் இன்று ஒலிக்கும் சிலவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம், எஸ். வி. வெங்கட்ராமன், சி. ஆர். சுப்பராமன், டி. ஜி. லிங்கப்பா, ஆர். சுதர்சனம் ஆகியோருக்கு அதுவும் இல்லை. யாரும் கேட்டு எழுதாத பாடலை அறிவிப்பாளர் தாமாகத் தேடி எடுத்து, அது ஏன் கேட்கத்தக்கது என்று ஒரு வரியில் சொல்லி ஒலிபரப்பும் நிகழ்ச்சி நாள்தோறும் ஒன்றாவது வேண்டும். அந்த ஒரு வரியைக் கைபேசித் திரை தராது.

வழித்துணை எழுதியது:

மாலைநேரம் அவர்கள் நிலையம் தொடங்கவிருப்பதால், சட்டத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் இந்தியாவுக்குப் பொருந்தும் சில செய்திகளைச் சொல்கிறேன். பழைய பாடல்தானே, உரிமை முடிந்திருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு பாடலில் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன: வரிகள், இசை, ஒலிப்பதிவு. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வரிகளுக்கும் இசைக்கும் அவற்றைப் படைத்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

1962இல் தட்டாக வெளிவந்த, கண்ணதாசன் எழுதி விஸ்வநாதன், ராமமூர்த்தி இசையமைத்த ஒரு பாடலை எண்ணிப் பாருங்கள். ஒலிப்பதிவின் உரிமை 2022 முடிவோடு தீர்ந்துவிட்டது. கண்ணதாசன் 1981இல் மறைந்ததால் வரிகளின் உரிமை 2041 வரை இருக்கும். விஸ்வநாதன் மறைந்தது 2015இல்; இருவர் சேர்ந்து படைத்ததற்குப் பின்னர் மறைந்தவரின் ஆண்டே கணக்கு, ஆகவே இசையின் உரிமை 2075 வரை நீளும். மாறாக, 1959இல் மறைந்த பட்டுக்கோட்டையாரின் வரிகளுக்கு 2019 முடிவிலும், 1963இல் மறைந்த ஜி. ராமநாதனின் இசைக்கு 2023 முடிவிலும் காலம் முடிந்துவிட்டது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம், வானொலி நிலையங்கள் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்தி ஒலிபரப்ப வழிசெய்யும் 31டி என்ற பிரிவைக் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்தது. ஆனால் இணைய ஒலிபரப்புக்கு அது பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. ஆகவே இணைய நிலையம் நடத்துவோர் உரிமையாளர்களிடமோ ஐபிஆர்எஸ் போன்ற உரிமைச் சங்கங்களிடமோ நேரடியாக உரிமம் பெறுவதே பாதுகாப்பு.

இந்த இழையின் பேச்சுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றும் அதே 31டி பிரிவில் இருக்கிறது. அதன்கீழ் ஒலிபரப்பும் நிலையம், படைப்பின் ஆசிரியர்களின் பெயரையும் முதன்மைக் கலைஞர்களின் பெயரையும் ஒலிபரப்போடு அறிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கொழும்பு அறிவிப்பாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே பழக்கமாகக் கொண்டிருந்ததை நம் நாடாளுமன்றம் 2012இல் கடமையாக எழுதியது.

மாலைநேரம் எழுதியது:

வழித்துணை அவர்களின் விளக்கம் எங்கள் குழுவுக்குப் பெரும் உதவி. பெயர்களை அறிவிப்பது பற்றிய என் எண்ணமும் மாறியிருக்கிறது. முதலில் மாலை ஒரு மணிநேரத்தை மட்டும் அறிவிப்போடு நடத்துவது என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். அந்த ஒரு மணிநேரத்தை எப்படிப் பிரிக்கலாம்? பூவரசு அவர்கள் குறிப்பிட்ட ஈழத்துப் பாடல்களை அதில் எங்கே வைப்பது?

பூவரசு எழுதியது:

தனியே ஒரு நாள் ஒதுக்கி, சிறப்பு நிகழ்ச்சி என்று பெயரிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். திரைப்பாடல்களுக்கு நடுவே, அதே அறிவிப்போடு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர் சொல்லி ஒலிபரப்புங்கள். நேயர் அதையும் தம் பாடலாகக் கேட்பார். பாடல்களும் விவரங்களும் தேவைப்பட்டால் இங்குள்ள சேகரிப்பாளர்களிடம் கேட்டுத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

சிற்றலை எழுதியது:

பூவரசு அவர்கள் சொன்னதையே நானும் சொல்வேன். மூன்று நிமிடப் பாடல்கள் என்பதால், அறிவிப்புக்கு இடம்விட்டு, ஒரு மணிநேரத்துக்குப் பதினைந்து பாடல்கள் தாராளமாகப் போதும். பதினெட்டைத் திணித்தால் விவரம் சொல்லும் நேரம்தான் முதலில் பறிபோகும். எல்லாரும் அறிந்த பாடலில் தொடங்குங்கள். மூன்றாவது அல்லது நான்காவது இடத்தில், நேயர் நிலையத்தை விட்டு அகலாத அந்தக் கட்டத்தில், கேட்டிராத பாடலை வைத்து அதற்குரிய ஒரு வரியைச் சொல்லுங்கள். ஈழத்துப் பாடலை நடுப்பகுதியில் வைக்கலாம். கடைசிப் பத்து நிமிடங்களை நேயர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். விருப்பம் அனுப்பியவரின் பெயரையும் ஊரையும் முழுமையாகச் சொல்லுங்கள். எந்தப் பாடலையும் பாதியில் வெட்டாதீர்கள். நேரம் மீறுவதாகத் தெரிந்தால் ஒரு பாடலைக் குறைத்துக்கொள்வதே முறை. அட்டவணையை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்: பாடல், படம், ஆண்டு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர், எந்தத் தட்டிலிருந்து எடுத்த படி, என்று ஒலிபரப்பானது. ஐயமுள்ள பெயரை உறுதிசெய்யும்வரை அந்தப் பாடலை நிறுத்தி வையுங்கள். இசைத்தட்டு அவர்களிடம் வேகத்தைச் சரிபார்க்கக் கேட்டுக்கொண்டால் அவர் மறுக்க மாட்டார்.

இசைத்தட்டு எழுதியது:

உறுதியாகச் செய்து தருகிறேன். முதல் வாரப் பட்டியலை அனுப்புங்கள். என்னிடம் தட்டு இருக்கும் பாடல்களுக்கு வட்டச்சீட்டின் படத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன்.